பிழை எங்கே என்று கேட்டவர்: ரிச்சர்ட் ஹாமிங்

வீட்டில் குவிந்து கிடக்கும் புத்தகங்கள், குறுந்தட்டுகள், டிவிடிகளைக் கணினியில் பட்டியலிடும் பழக்கம் சில மாணவர்களிடம் உண்டு. சிறிய ஸ்கேனர் ஒன்றை மடிக்கணினியில் செருகி, உறையின் பின்பக்கத்திலுள்ள பட்டைக் குறியீட்டைக் காட்டினால் போதும். தலைப்பு, ஆண்டு, அட்டைப்படம் எல்லாம் தாமாக வந்துவிடும் என்று நம்பித் தொடங்குகிறோம். ஆனால், சில உறைகளுக்கு ‘பீப்’ ஒலி வருகிறது; சிலவற்றுக்கு எத்தனை முறை காட்டினாலும் வருவதில்லை. இன்னும் சிலவற்றுக்கு ஒலி வந்தும், திரையில் வேறு ஏதோ ஒரு படத்தின் பெயர் தோன்றுகிறது. பழுது ஸ்கேனரிலா, உறையிலா, கணினியிலா என்று தெரியாமல் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

பிழை நடந்துவிட்டது என்று மட்டும் சொல்லி, எங்கே நடந்தது என்று சொல்லாத இயந்திரம் ஒன்றால் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு முன்பே பொறுமை இழந்தவர் அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் வெஸ்லி ஹாமிங். அந்தக் கோபத்திலிருந்து பிறந்த கணிதம் இன்று கணினி நினைவகத்திலும் விண்கலத்திலும் வேலை செய்கிறது. அவருடைய வாழ்க்கையை அறிந்துகொண்டால், ஸ்கேனர் மக்கர் செய்யும்போது எங்கிருந்து தொடங்குவது என்பதும் தெளிவாகும்.

பொறியாளராக விரும்பிய சிகாகோ இளைஞர்

ஹாமிங் 1915ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி சிகாகோ நகரில் பிறந்தார். அந்நகரின் கிரேன் தொழில்நுட்ப உயர்நிலைப்பள்ளியிலும், பின்னர் கிரேன் இளநிலைக் கல்லூரியிலும் படித்தார். பொறியியல் படிக்க வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

ஆனால், அவர் மேற்படிப்புக்குத் தயாரான காலம் 1930களின் பெரும் பொருளாதார மந்தநிலைக் காலம். கையில் பணமில்லை. அவருக்குக் கிடைத்த ஒரே உபகாரச் சம்பளம் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்திலோ பொறியியல் துறையே கிடையாது. வேறு வழியின்றிக் கணிதத்தை எடுத்தார். 1937இல் இளங்கலைப் பட்டமும், 1939இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும், 1942இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் வாண்டா லிட்டில் என்பவரை மணந்தார். வாண்டா ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தவர்.

விரும்பிய துறை கிடைக்காமல் போனதைப் பிற்காலத்தில் ஹாமிங் ஒரு நன்மையாகவே கருதினார். பொறியாளராகியிருந்தால் மற்றவர்களுக்காக வடிகால் துளைகளுக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்திருப்பேன் என்ற பொருளில் அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இருந்தாலும் பொறியாளரின் மனம் அவரை விட்டுப் போகவில்லை. கணிதத்தை அழகுக்காகப் போற்றுவதைவிட, அது எங்கே பயன்படும் என்று பார்ப்பவராகவே கடைசிவரை இருந்தார்.

பாலைவனத்தில் ஒரு கணக்கு

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1945 ஏப்ரலில், நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஹாமிங் சேர்ந்தார். அணுகுண்டு உருவாகிக்கொண்டிருந்த இடம் அது. இயற்பியலாளர்கள் தரும் சமன்பாடுகளுக்கு விடை காணும் ஐபிஎம் கணக்கீட்டு இயந்திரங்களை இயக்குவது அவருடைய பணி. வாண்டாவும் அங்கேயே கணக்கீட்டாளராகப் பணியாற்றினார்.

முதல் சோதனை வெடிப்புக்குச் சற்று முன்பு ஒருவர் அவரிடம் வந்து, சில கணக்குகளைச் சரிபார்த்துத் தருமாறு கேட்டார். வழக்கமான வேலைதானே, உதவியாளர் ஒருவரிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார் ஹாமிங். என்ன கணக்கு என்று விசாரித்தபோதுதான் திகைத்துப் போனார். குண்டு வெடித்தால் பூமியின் காற்று மண்டலம் முழுவதும் தீப்பற்றிக்கொள்ளுமா என்பதற்கான கணக்கு அது. உடனே, அதைத் தாமே சரிபார்ப்பது என்று முடிவு செய்தார்.

கூட்டல், பெருக்கல் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால், கணக்கில் போடப்பட்டிருந்த ஆக்சிஜன், நைட்ரஜன் பற்றிய அளவுகள் சரிதானா என்பதை அவரால் சரிபார்க்க முடியவில்லை. அவ்வளவு உயர்ந்த ஆற்றல் நிலையில் அதுவரை யாரும் சோதனை செய்து பார்த்ததில்லை. கணக்கு சரி என்று அவர் சொல்லலாம்; கணக்குக்குள் போன எண்கள் சரி என்று சொல்ல முடியாது. 1945 ஜூலை 16ஆம் தேதி சோதனை நடந்தது. காற்று மண்டலம் எரியவில்லை. ஆனால், அந்த நாள்களின் கவலையை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. ஒரு சரிபார்ப்பு எதைச் சரிபார்க்கிறதோ அதற்கு மட்டுமே அது பொறுப்பேற்கும் என்ற பாடத்தை இதைவிடக் கடுமையாக யாரும் கற்றிருக்க முடியாது.

வார இறுதியில் கைவிடப்பட்ட வேலை

போர் முடிந்தபின், 1946இல் நியூ ஜெர்சியிலிருந்த பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் ஹாமிங் பணியில் அமர்ந்தார. தகவல் கோட்பாட்டின் தந்தை எனப் போற்றப்படும் கிளாட் ஷானனும் அங்கே இருந்தார். சில காலம் இருவரும் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பெல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய ‘மாடல் 5’ என்ற கணினியை ஹாமிங் பயன்படுத்தினார். இன்றைய சில்லுகள் எதுவும் அதில் இல்லை. தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட ரிலே என்னும் மின்காந்த விசைகள் ஏறத்தாழ 9,000 அதில் இருந்தன. ‘டக், டக்’ என்று அவை திறந்து மூடுவதன் மூலமே கணக்கு நடக்கும். ஒரு அங்குலத்துக்கும் குறைவான அகலமுள்ள துளையிட்ட காகித நாடாவிலிருந்து அது எண்களைப் படிக்கும். எங்காவது ஒரு ரிலே ஒட்டிக்கொண்டாலோ, துளை ஒன்று சரியாகப் படிக்கப்படாவிட்டாலோ பிழை வரும்.

அந்த இயந்திரத்தின் சிறப்பு, தன் பிழையைத் தானே கண்டுகொள்வது. ஒவ்வொரு இலக்கத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ரிலேக்கள் மட்டுமே இயங்க வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஏதோ தவறு என்று இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். வேலை நாள்களில் அது உடனே நின்று, விளக்குகளை ஒளிரவிடும். இயக்குநர்கள் ஓடிவந்து சரிசெய்வார்கள். வார இறுதியில் யாரும் இருக்கமாட்டார்கள். அப்போது பிழை வந்தால் இயந்திரம் அந்த வேலையை அப்படியே கைவிட்டுவிட்டு, வரிசையிலுள்ள அடுத்தவரின் வேலைக்குப் போய்விடும்.

ஹாமிங்குக்குக் கிடைத்தது வார இறுதி நேரம்தான். திங்கட்கிழமை காலை ஆவலோடு வந்து பார்த்தால், அவருடைய கணக்கு கைவிடப்பட்டிருந்தது. அடுத்த வாரமும் அதே கதை. விடைக்காகக் காத்திருந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

எரிச்சலில் அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. பிழை இருக்கிறது என்று இயந்திரத்தால் கண்டுபிடிக்க முடியும் என்றால், அது எந்த இடத்தில் இருக்கிறது என்று ஏன் கண்டுபிடிக்க முடியாது? எண்கள் 0, 1 என்ற இரண்டே குறிகளால் எழுதப்பட்டால், இடம் தெரிந்தாலே போதும். அங்கே 0 இருந்தால் 1 ஆக்கலாம். 1 இருந்தால் 0 ஆக்கலாம். பிறகு இயந்திரம் யாரையும் எதிர்பார்க்காமல் வேலையைத் தொடரும்.

கட்டங்களில் தொடங்கிய யோசனை

அந்தக் காலத்தில் எளிய சோதனை ஒன்று ஏற்கனவே வழக்கத்தில் இருந்தது. அனுப்பும் குறிகளில் எத்தனை 1 இருக்கின்றன என்று எண்ணி, மொத்தம் இரட்டைப்படையாக வரும்படி கடைசியில் ஒரு குறியைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். பெறுகின்ற இடத்தில் மொத்தம் ஒற்றைப்படையாக இருந்தால், வழியில் ஏதோ ஒன்று மாறிவிட்டது என்று பொருள். எது மாறியது என்று மட்டும் தெரியாது.

ஹாமிங் முதலில் குறிகளைச் சதுரங்கப் பலகைபோல வரிசையாக அடுக்கிப் பார்த்தார். ஒவ்வொரு கிடைவரிசைக்கும் ஒரு சோதனைக் குறி. ஒவ்வொரு செங்குத்து வரிசைக்கும் ஒரு சோதனைக் குறி. ஒரு குறி கெட்டால், ஒரு கிடைவரிசையும் ஒரு செங்குத்து வரிசையும் தவறு என்று காட்டும். இரண்டும் சந்திக்கும் கட்டமே பிழையின் இடம். தேர்வு மண்டபத்தில் வரிசை எண்ணையும் இருக்கை எண்ணையும் வைத்து ஒரு மாணவரைக் கண்டுபிடிப்பது போன்றது இது.

அத்தோடு அவர் நிற்கவில்லை. இன்னும் குறைந்த சோதனைக் குறிகளால் இதைச் செய்ய முடியுமா என்று தேடி, மிகச் சிக்கனமான ஒரு முறையை அடைந்தார். அதன் புகழ்பெற்ற வடிவத்தில் மொத்தம் 7 குறிகள். அவற்றில் 4 செய்தி, 3 சோதனை. இடங்களுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுப்போம். 1, 2, 4 ஆகிய இடங்கள் சோதனைக் குறிகளுக்கு உரியவை. முதல் சோதனை 1, 3, 5, 7 ஆகிய இடங்களைப் பார்க்கும். இரண்டாவது சோதனை 2, 3, 6, 7 ஆகிய இடங்களைப் பார்க்கும். மூன்றாவது சோதனை 4, 5, 6, 7 ஆகிய இடங்களைப் பார்க்கும். ஒவ்வொன்றிலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும்.

தாளும் பேனாவும் எடுத்துச் செய்து பாருங்கள். 1011 என்ற செய்தியை அனுப்ப வேண்டும். அதை 3, 5, 6, 7 ஆகிய இடங்களில் வரிசையாக எழுதி, சோதனைக் குறிகளைச் சேர்த்தால் 0110011 என்று வரும். வழியில் 5ஆவது இடம் கெட்டு, 0110111 என்று வந்து சேர்வதாக வைத்துக்கொள்வோம். முதல் சோதனையில் மூன்று 1-கள் வருகின்றன, தவறு. இரண்டாவதில் நான்கு வருகின்றன, சரி. மூன்றாவதில் மூன்று வருகின்றன, தவறு. தவறு என்று சொன்ன சோதனைகளின் சோதனைக் குறிகள் இருக்கும் இடங்கள் 1, 4. இரண்டையும் கூட்டினால் 5. பிழையின் இடம் அதுவே!

ஒரே சோதனை, சரி அல்லது தவறு என்று மட்டும் சொல்லும். மூன்று சோதனைகளை வெவ்வேறு பகுதிகளைப் பார்க்கும்படி அமைத்தால், அவற்றின் விடைகள் எட்டு விதமாக அமையலாம். ஒன்று, பிழையே இல்லை என்பது. மற்ற ஏழும் ஏழு இடங்களைச் சுட்டும். சோதனைகளைப் பெருக்காமல், அவற்றைச் சரியாகப் பங்கிட்டுக் கொடுத்ததே ஹாமிங்கின் சாதனை.

இந்த 7 குறி முறையை ஷானன் 1948இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற கட்டுரையில் ஹாமிங்கின் பெயரைச் சொல்லி எடுத்துக்காட்டாகத் தந்தார். ஆய்வுக்கூடம் காப்புரிமைக்கு ஏற்பாடு செய்ததால் ஹாமிங்கின் சொந்தக் கட்டுரை தாமதமாகி, 1950 ஏப்ரலில் பெல் ஆய்வுக்கூடத்தின் தொழில்நுட்ப இதழில் வெளிவந்தது. இரண்டு குறிவரிசைகள் எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்பதை அளக்கும் முறை இன்று ‘ஹாமிங் தூரம்’ என்றே அழைக்கப்படுகிறது. கணினி அறிவியல் பயிலும் மாணவர்கள் இதைப் பாடமாகவே படிக்கிறார்கள்.

‘பீப்’ ஒலி என்ன சொல்கிறது?

பட்டைக் குறியீட்டை ஹாமிங் உருவாக்கவில்லை. அதன் முதல் வடிவத்துக்கு நார்மன் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர் ஆகிய இருவரும் 1949இல் விண்ணப்பித்து 1952இல் காப்புரிமை பெற்றார்கள். கடைகளில் இன்று நாம் காணும் கோடுகள் 1974 ஜூன் 26ஆம் தேதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பேரங்காடியில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தன. ஆனால், ஹாமிங் கேட்ட கேள்வியை வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கோடுகளின் பலமும் பலவீனமும் புரியும்.

13 இலக்கப் பட்டைக் குறியீட்டில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு உரியது. மலேசியாவில் வழங்கப்படும் எண்கள் 955 என்றும், சிங்கப்பூரில் வழங்கப்படுபவை 888 என்றும் தொடங்கும். புத்தகங்களின் ஐ.எஸ்.பி.என். எண் 978 அல்லது 979 என்று தொடங்கும். 955123456789 என்ற 12 இலக்கங்களை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதல், மூன்றாவது, ஐந்தாவது என்று ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் 34. மீதமுள்ள ஆறு இலக்கங்களைக் கூட்டினால் 30. அதை 3ஆல் பெருக்கினால் 90. மொத்தம் 124. அடுத்த பத்தின் மடங்கான 130ஐ எட்ட இன்னும் 6 தேவை. எனவே, 13ஆவது இலக்கம் 6.

ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் ஒலி எழுப்பும். பொருந்தாவிட்டால் பேசாமல் இருக்கும். ஏதேனும் ஓர் இலக்கம் மட்டும் தவறாகப் படிக்கப்பட்டால், இந்தச் சோதனை அதைத் தவறாமல் பிடித்துவிடும். கையால் தட்டச்சு செய்யும்போது பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். 1, 6 போலவோ 2, 7 போலவோ ஐந்து வித்தியாசமுள்ள இலக்கங்கள் இடம் மாறினால் மட்டும் தப்பவிட்டுவிடும்.

ஆனால், எந்த இலக்கம் தவறு என்று அதனால் சொல்ல முடியாது. வார நாள்களில் விளக்கை ஒளிரவிட்டு நின்ற பழைய ரிலே கணினியைப் போன்றது இது. கடையில் இது போதும். காசாளர் பொருளைத் திருப்பிப் பிடித்து இன்னொரு முறை காட்டிவிடுவார். மீண்டும் கேட்க வழி இருக்கும் இடத்தில் பிழையைக் கண்டுபிடித்தாலே போதும். வழி இல்லாத இடத்தில்தான் திருத்தம் தேவைப்படுகிறது.

அதே உறைக்குள் இருக்கும் குறுந்தட்டு வேறு வகை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்தி மறுபடி கேட்க முடியாது. அதனால், 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் பிழையைத் திருத்தும் முறை சேர்க்கப்பட்டது. ஹாமிங்குக்குப் பின் 1960இல் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் இருவரும் வகுத்த முறை அது. சிறு கீறல் விழுந்த தட்டும் தடையின்றிப் பாடுவது அதனால்தான். நாம் கைப்பேசியில் பணம் செலுத்தப் பயன்படுத்தும் கியூஆர் குறியீட்டிலும் அதே முறை உண்டு. மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில் அச்சிட்டால், ஏறத்தாழ 30 விழுக்காடு சேதமடைந்தாலும் அதைப் படிக்க முடியும்.

ஸ்கேனரைச் சோதிக்கும் வழி

ஸ்கேனர் தொல்லை கொடுத்தால், கேபிளைப் பிடுங்கிச் செருகுவதும் உறையைத் துடைப்பதும் மென்பொருளை அழித்துப் போடுவதுமாக எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்வது பலரின் வழக்கம். சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது. ஹாமிங்கின் மூன்று சோதனைகளைப் போல, வெவ்வேறு பகுதியைப் பார்க்கும் மூன்று சோதனைகளை அமைத்துக்கொள்ளலாம்.

முதல் சோதனை: பட்டியல் மென்பொருளை மூடிவிட்டு, நோட்பேட் போன்ற வெற்றுப் பக்கத்தில் அதே உறையை அதே ஸ்கேனரால் படியுங்கள். தோன்றும் எண்ணைக் கோடுகளுக்குக் கீழே அச்சிடப்பட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது சோதனை: கோடுகள் தெளிவாக உள்ள ஒரு பிஸ்கட் பொட்டலத்தை அதே பக்கத்தில் படியுங்கள். மூன்றாவது சோதனை: தொல்லை தந்த உறையைக் கைப்பேசிக் கேமராவால் படியுங்கள்.

முதல் சோதனை வெற்றி என்றால், ஸ்கேனரும் உறையும் நலம். குறை மென்பொருளிலோ அது தேடும் தரவுத்தளத்திலோ இருக்கிறது. எண் வந்தும் தேடல் தொடங்கவில்லை என்றால், எண்ணுக்குப் பின் ‘என்டர்’ விசையை அனுப்பும்படி ஸ்கேனர் அமைக்கப்படாமல் இருக்கலாம். விரிதாளில் பட்டியலிடுபவர்கள் அந்த நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் வரும் 0 காணாமல் போய்விடும். அமெரிக்கத் தட்டுகளின் 12 இலக்க எண்ணும், முன்னால் ஒரு 0 சேர்த்த 13 இலக்க எண்ணும் ஒன்றே என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

முதல் சோதனை தோற்று, பிஸ்கட் பொட்டலம் வெற்றி பெற்று, கைப்பேசியும் தோற்றால் குறை உறையில். கோடுகள் தேய்ந்திருக்கலாம்; பளபளக்கும் பிளாஸ்டிக் உறை ஒளியைத் திருப்பி அடிக்கலாம்; கோடுகளின் இருபக்கமும் இருக்க வேண்டிய வெற்றிடத்தை விலை ஒட்டி மறைத்திருக்கலாம். பொட்டலமும் தோற்று, கைப்பேசி மட்டும் வென்றால் குறை ஸ்கேனரில். கண்ணாடியைத் துடைத்து, கேபிளையும் மின்கலத்தையும் பார்த்து, கையேட்டிலுள்ள மீட்டமைப்புக் குறியீட்டைப் படிக்கவைக்கலாம். பொட்டலமும் கைப்பேசியும் வென்று, அந்த உறையும் அந்த ஸ்கேனரும் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கோணத்தையும் தூரத்தையும் மாற்றிப் பாருங்கள். அந்த வகைக் குறியீட்டைப் படிக்கும் வசதி அணைக்கப்பட்டுள்ளதா என்றும் கவனியுங்கள்.

சில நேரம் படித்து, சில நேரம் படிக்காத ஸ்கேனருக்கு ஒரு முறை சோதனை போதாது. ஒவ்வொரு சோதனையையும் பத்து முறை செய்து, எத்தனை முறை படித்தது என்று எழுதி வையுங்கள்.

மூன்று சோதனைகளும் தோற்றால்? இங்கேயும் ஹாமிங் உதவுகிறார். அவருடைய 7 குறி முறை, ஒரே ஒரு பிழைதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டு இடங்கள் கெட்டிருந்தால், அது மூன்றாவதாக வேறோர் இடத்தைக் காட்டி நல்ல குறியைக் கெடுத்துவிடும். இதை அறிந்தே, இரட்டைப் பிழையைக் கண்டுகொள்ள இன்னொரு சோதனைக் குறியைச் சேர்க்கும் வழியையும் அவர் வகுத்தார். ஸ்கேனரிலும் மங்கிய கண்ணாடி, தேய்ந்த உறை என்று இரண்டு குறைகள் சேர்ந்திருக்கலாம். ஒன்றைச் சரிசெய்ததும் மூன்று சோதனைகளையும் முதலிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும்.

ஒலி சரியாக வந்து, எண்ணும் பொருந்தி, தலைப்பு மட்டும் தவறாக வருகிறதா? லாஸ் அலமோஸ் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எண் சரியாகப் படிக்கப்பட்டது என்பதற்கு மட்டுமே ‘பீப்’ ஒலி உத்தரவாதம். அந்த எண்ணுக்கு எதிரே தரவுத்தளத்தில் யாரோ எழுதி வைத்த பெயர் சரியா என்பதை அது சரிபார்க்கவில்லை. பழைய தமிழ்ப் படங்கள், பாடல் தட்டுகளுக்கு வெளிநாட்டுத் தரவுத்தளங்களில் பதிவே இல்லாமலும் இருக்கலாம். அவற்றை உறையைப் பார்த்து நாமே பதிவு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

சாப்பாட்டு மேசைக் கேள்வி

ஹாமிங் பெல் ஆய்வுக்கூடத்தில் 30 ஆண்டுகள் இருந்தார். கணினியால் பெரிய கணக்குகளுக்கு விடை காணும் எண்ணியல் முறைகள் பற்றி நூல்கள் எழுதினார். எண்களைக் குவிப்பதைவிட அவற்றிலிருந்து புரிதலைப் பெறுவதே கணக்கீட்டின் பயன் என்று வலியுறுத்தினார். 1968இல் கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டியூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

பழகுவதற்கு அவ்வளவு எளிதான மனிதர் அல்லர் அவர். ஆய்வுக்கூடத்தின் உணவகத்தில் வேதியியலாளர்களின் மேசையில் போய் அமர்ந்து, உங்கள் துறையில் முக்கியமான கேள்விகள் எவை என்று விசாரிப்பார். சில நாள் கழித்து, அப்படியானால் நீங்கள் ஏன் அவற்றில் வேலை செய்யவில்லை என்று கேட்பார். விரைவிலேயே அந்த மேசையில் அவருக்கு வரவேற்பு இல்லாமல் போயிற்று. ஆனால், அந்தக் கேள்வியை மனத்தில் ஏற்றிக்கொண்ட ஒருவர் பின்னாளில் நன்றி சொன்னதையும் ஹாமிங் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தக் கேள்வியைத் தம்மிடமும் அவர் கேட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு அன்றாட வேலைகளை ஒதுக்கிவைத்து, கணினி எங்கே போகிறது, அறிவியலை அது எப்படி மாற்றும் என்பன போன்ற பெரிய கேள்விகளை மட்டுமே சிந்திப்பார்.

1976இல் கலிபோர்னியாவின் மாண்ட்ரே நகரிலுள்ள கடற்படை முதுகலைக் கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்றார். ஆராய்ச்சியைவிடக் கற்பித்தலே இனித் தம் பணி என்று முடிவெடுத்தார். அங்கே அவர் நடத்திய பாடங்களில் ஒன்று, கற்றுக்கொள்வதற்குக் கற்றுக்கொள்வது பற்றியது. இன்று படிக்கும் தொழில்நுட்பம் சில ஆண்டுகளில் பழசாகிவிடும் என்பதால், புதியதைத் தாமே கற்கும் திறனை மாணவர்கள் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று விரும்பினார். 1986இல் அவர் ஆற்றிய, ஆராய்ச்சியில் சிறப்பது எப்படி என்ற உரையை இன்றும் ஆய்வு மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள்.

1997 டிசம்பர் வரை வகுப்பு எடுத்த ஹாமிங், 1998 ஜனவரி 7ஆம் தேதி 82ஆம் வயதில் காலமானார். மின் மின்னணுப் பொறியாளர் சங்கம் அவர் பெயரில் ஒரு பதக்கத்தை நிறுவியது. கிடைத்த ஒரே உபகாரச் சம்பளம் பொறியியல் துறை இல்லாத பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததால் பொறியியல் படிக்க இயலாமற்போன ஒருவரின் பெயரில்தான் பொறியாளர்கள் அந்தப் பதக்கத்தை வழங்குகிறார்கள்.

ஹாமிங்கின் வார இறுதி வேலை வீணானபோது, இயந்திரம் மோசம் என்று சொல்லிவிட்டு மறுபடி வரிசையில் நிற்க அவருக்கு உரிமை இருந்தது. மற்றவர்கள் அதைத்தான் செய்தார்கள். அவர் கேள்வியை மட்டும் மாற்றிக் கேட்டார். தேர்வில் புள்ளிகள் குறையும்போதும், எழுதிய நிரல் ஓடாதபோதும், ஆய்வகச் சோதனை பிசகும்போதும் நாம் அதையே செய்யலாம். எனக்குக் கணிதம் வராது என்று முடிவு கட்டுவதற்கு முன், எந்தப் படியில் சறுக்கினோம் என்று காட்டக்கூடிய இரண்டு மூன்று சிறு சோதனைகளை அமைத்துப் பாருங்கள். இடம் தெரிந்துவிட்டால், திருத்துவது பெரும்பாலும் சிறிய வேலையாகவே இருக்கும்.